சந்தனப் பொட்டுக்கு மாட்டிய டைமிங் பெல்ட்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி, மறதி வேறு. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் என் வீட்டுக்காரர் முதலாளியிடம் பார்த்த வேலையை விட்டுவிட்டு, இங்கே மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டுச் சொந்தமாக வொர்க்‌ஷாப் திறந்தார். முதல் கார் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்தது. ரயில்வேயில் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து ஐயா ஒருவருடையது. அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் கோயிலில் அவரோடு உட்காருபவர்களின் கார்களெல்லாம் எங்களிடம் வரும். சொல்லாவிட்டால் கொட்டகையில் நான் துணி காயப்போட வேண்டியதுதான்.

டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும். என்ஜினில் மேலே ஒரு பல்சக்கரம், கீழே ஒரு பல்சக்கரம். இரண்டையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் ரப்பர் பட்டை அது. பல் தள்ளி மாட்டினால் என்ஜினுக்கு மூச்சு முட்டும். அதனால் இவர் பழைய பெல்ட்டைக் கழற்றுமுன், மேல் சக்கரத்தில், என்ஜினில் இருக்கும் கோட்டுக்கு நேராக மஞ்சள் சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார். மறுநாள் ஆயுத பூசை. ஸ்பானர், ஜாக்கி, திறந்து கிடந்த என்ஜின் என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் இட்டார். பக்தி கொஞ்சம் கூடுதல். நான் அடுப்படியில் சுண்டலோடு இருந்தேன்.

பூசை முடிந்த மறுநாள் புது பெல்ட்டை மாட்டி ஸ்டார்ட் செய்தார். கார் சளி பிடித்த ஆடு மாதிரி இருமியது. பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழுவினார். பெல்ட் விற்ற கடைக்காரரைத் திட்டினார். தன்னை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை.

மத்தியானம் ஐயா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தம்பி, நான் கொண்டுவரேக்க இது ஓடினது. இப்ப ஆடுது. நீர் திருத்தினீரோ, ஆட்டம் பழக்கினீரோ?”

“கொஞ்சம் இருங்க ஐயா, செட் ஆயிரும்.” இவர் என்ஜினை நிறுத்திவிட்டு என்னிடம் வந்து கிசுகிசுத்தார். “கண்ணு பட்டிருச்சு புள்ள. எலுமிச்சம்பழம் எடுத்தா.”

“கார்புரேட்டருக்குள்ள பிழியவா, வெளியில சுத்தவா?”

“வெளையாடாத லா. மானம் போவுது.”

பழத்தைச் சுற்றப் போனபோதுதான் மூடி போடாத அந்தச் சக்கரத்தைப் பார்த்தேன். அதில் இரண்டு மஞ்சள் புள்ளிகள். ஒன்றை நகத்தால் சுரண்டி, விரலை இவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். சந்தனம் மணந்தது. மேலே இட்ட குங்குமம் எப்போதோ உதிர்ந்துவிட்டிருந்தது. எந்தப் புள்ளியை வைத்து பெல்ட்டை மாட்டினார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“சாமிக்கு வச்ச பொட்டுக்கே மாட்டிட்டீங்க போல,” என்றேன் மெதுவாக.

இவர் பெல்ட்டைக் கழற்றிச் சாக்கட்டிப் புள்ளியைப் பார்த்து மாட்டினார். கார் தையல் மெஷின் மாதிரி ஓடியது.

ஐயா தலையைச் சாய்த்துக் கேட்டார். “என்ன பிழை தம்பி?”

“ஃபைன் அட்ஜஸ்ட்மென்ட் ஐயா.”

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அடுத்த வாரமே பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து இன்னொரு கார் வந்தது.

சக்கரம் இரண்டு பல் தள்ளியிருந்ததாக எனக்கு ஞாபகம். ஒன்றுதான் என்று இவர் இன்றைக்கும் சாதிக்கிறார். இரண்டு பல் தள்ளினால் அந்தக் காலத்துக் கார் ஸ்டார்ட் ஆகுமா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். நான் எழுதியது தப்பென்றால் திருத்திவிடுங்கள்; இவருக்கு மட்டும் சொல்ல வேண்டாம்.