எங்கள் ஊர்ப் பதிவேட்டில் கடலாமை

காணை ஒன்றியத்தில் ஓர் ஊராட்சிக்கு நான் செயலராக இருந்தேன். ஊரில் யாரும் செயலர் என்று சொல்ல மாட்டார்கள், கிளார்க்கம்மாதான். குழாய் உடைந்தாலும் கிளார்க்கம்மா, தெருவிளக்கு எரியாவிட்டாலும் கிளார்க்கம்மா, நாய் கடித்தாலும் கிளார்க்கம்மா. இந்த லட்சணத்தில் ஒரு நாள் ஒன்றிய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மக்கள் பல்லுயிர் பதிவேட்டை நாளை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டுமாம்.

ஊரிலுள்ள மரம், செடி, பறவை, மீன் எல்லாவற்றையும் ஊர்க்காரர்களிடம் கேட்டு எழுதிவைப்பதும் காப்பதும் ஊராட்சியின் கடமை. அதற்கென்று ஒரு குழுவும் உண்டு. எங்கள் குழு பேப்பரில் இருந்தது, ஒரு முறைகூடக் கூடியதில்லை. ஒரே நாளில் நான் எந்தச் செடியைத் தேடிப் போவேன்? திண்டிவனத்தில் நடந்த பயிற்சியில் பழக்கமான தோழி ஒருத்தி கடலோர ஊராட்சி ஒன்றில் செயலர். அவளிடம் கேட்டேன். தன் பதிவேட்டை அப்படியே அனுப்பிவைத்தாள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, பிரிண்ட் எடுத்து, சீல் குத்திக் கொடுத்துவிட்டேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் ஏரிக்கரைக்குக் கீழே புறம்போக்கில் ஒரு புதர்க்காடு உண்டு. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் முள்ளுக்காடு என்பார்கள். அதை நம்பித்தான் ஒரு கீரைக்கார அக்காவின் வீட்டில் அடுப்பு எரிந்தது. விடிகாலையில் அங்கே முடக்கத்தானும் தூதுவளையும் பிரண்டையும் பறித்து, முதல் பஸ்ஸில் விழுப்புரம் போய், பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் கூடையை விரித்து உட்காருவார். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. மற்றவர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர், இடுப்பு ஒத்துழைக்காமல் போனபின் கீரைக்கு வந்தார்.

அந்த இடத்தைத்தான் ஊர் விவசாயிகள் நெற்களத்துக்குக் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. அறுவடையானால் தார் ரோட்டில்தான் நெல்லைக் காயவைத்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூட வராந்தாவில் கூடிய கிராம சபையில் ஓவர்சியர் நியாயமாகத்தான் பேசினார்.

"ரேஷன் கடை பின்னாடியும் எடம் இருக்குது. இந்தக் காடு உங்க பல்லுயிர் பதிவேட்டுல இருந்தா சொல்லுங்க, களத்த அங்க மாத்திடலாம். இல்லன்னா நாளைக்கே ஜேசிபி வந்துரும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதிவேட்டைத் திறந்தேன். முதல் வரியில் அலையாத்தி மரம், இரண்டாவதில் நண்டு, மூன்றாவதில் கடலாமை. பக்கத்திலிருந்த வார்டு உறுப்பினர் எட்டிப் பார்த்து உரக்கப் படித்துவிட்டார்.

"நம்ப ஏரிக்குக் கடலாமை எந்த பஸ்ஸு புடிச்சி வந்துச்சி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வராந்தா முழுக்கச் சிரிப்பு. ஓவர்சியர்கூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

கீரைக்கார அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "நம்ப காடு எந்தப் பக்கத்துல கீது, கிளார்க்கம்மா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

திட்டியிருந்தால் தேவலை. கூடையில் கிடந்த ஈரத்துணியை எடுத்து, மடித்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார். அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

ஊராட்சித் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "வெள்ளிக்கெழம வரைக்கும் ஜேசிபிய நிறுத்தி வெக்கறேன். அதுக்குள்ள நெஜமா இருக்கறத எழுதிக்கினு வாம்மா. இனிமே பேஜாரு பண்ணாத."

அடுத்த ஐந்து காலைகளும் அக்காவோடு அந்தக் காட்டில் கழிந்தன. என் உத்தியோக காலத்தில் அதைவிடச் சந்தோஷமான நாட்கள் இல்லை. இப்போதும் மழை பெய்து ஓய்ந்த காலையில் நொச்சி வாசனை அடித்தால் மனசு அங்கே போய் நின்றுகொள்ளும். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். நுணா, காரை, சூரை, ஆவாரை, கோவை. கௌதாரி முட்டையிடும் இடத்தில் என் செருப்பைக் கழற்றச் சொன்னார். உடும்பு ஒன்று எங்களை முறைத்துவிட்டுப் போனது. "இதுக்கு இன்னா வேலைன்னு எழுதுவ?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பதிவேட்டில் "பயன்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் உடும்புக்கு ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

ஐந்தாம் நாள் சூரைப்புதரை விலக்கி, அதன் நிழலில் படர்ந்திருந்த ஒரு கொடியைக் காட்டினார். நான் பேனாவைத் திறந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்த எழுதாத. பாக்கத்தான் காட்டனேன். நாட்டுமருந்துக் கடைக்காரனுங்க வேனு எடுத்துக்கினு வந்து, பக்கத்து ஊரு ஏரிக்கரையில ஒண்ணு விடாம வேரோட புடுங்கிக்கினு போய்ட்டானுங்க. எழுதனா இங்கயும் வருவானுங்க."

பதிவேட்டை எல்லோருக்கும் காட்ட மாட்டோம் என்று சொல்ல வாயெடுத்தேன். நானே வேறோர் ஊர்ப் பதிவேட்டை வாட்ஸ்அப்பில் வாங்கியவள்தானே? பேனாவை மூடினேன்.

வெள்ளிக்கிழமை, அந்தக் கொடி இல்லாத பட்டியலைக் கூட்டத்தில் வாசித்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நடுவில் நிறுத்தி, "செம்போத்த உட்டுட்டியே" என்று ஒருவர் அந்தப் பறவையையும் சேர்க்கச் சொன்னார். காட்டைத் தொடக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். களம் ரேஷன் கடைக்குப் பின்னால் போனது. தூரம் என்று சிலர் இன்றைக்கும் என்னைத் திட்டுகிறார்களாம். திட்டட்டும்.

பிறகு எனக்குத் திண்டிவனம் பக்கம் மாற்றலாகிவிட்டது. அக்காவுக்கு முட்டி தேய்ந்து, இப்போது மருமகள்தான் கீரை பறிக்கிறாள். அக்கா கூடைக்குக் காவலாக உட்கார்வதோடு சரி. ஐப்பசி மழைக்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தரம் நான் பஸ் ஏறிப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சூரைப்புதரை விலக்கிப் பார்த்துவிட்டு வருவேன்.

போன தடவையும் திரும்பும் வழியில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். கண் மங்கிவிட்டது, என் குரலைக் கேட்டுத்தான் அடையாளம் கண்டார். மருமகள் டீ வாங்கப் போகும்வரை பொறுத்திருந்து, என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அது கீதா?"

"கீதுக்கா. இன்னும் கொஞ்சம் படர்ந்துகூட இருக்குது."

"எழுதலையே?"

"இல்லக்கா."

இங்கேயும் அதன் பெயரை நான் எழுதவில்லை.