அந்தோனியாருக்காக நான் மிதக்கவிட்ட ஊசி

என் சித்தப்பாவைத் திருடன் ஆக்கியவன் நான். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. ஒரு தையல் ஊசியை வைத்துக்கொண்டு நானே செய்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது என்று சாக்குச் சொல்லலாம்தான். ஆனால் அந்த ஊசி எந்தப் பக்கம் போய் நிற்கும் என்று அந்த வயதிலேயே எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நாற்பதுகளின் தொடக்கம், யுத்த காலம். சாந்தோமில் பெரிய மாதா கோயிலுக்குத் தெற்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். அம்மா, கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்ட, அப்பாவின் அக்காவான அத்தை, அப்பாவின் தம்பியான சித்தப்பா, நான் என்று வீட்டில் ஐந்து பேர். சித்தப்பாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மூன்று வேலைகளில் சேர்ந்து மூன்றையும் விட்டவர். ஒருமுறை அப்பாவின் சைக்கிளை யாரோ சிநேகிதனுக்குக் கொடுத்தார். அது திரும்பி வரவே இல்லை. அன்று முதல் வீட்டில் ஒரு பொருள் இடம் மாறினால்கூட முதலில் அவர் பெயர்தான் அடிபடும். அவர் எல்லாவற்றுக்கும் சிரிப்பார். என்னோடு சரிசமமாகக் கோலி விளையாடிய பெரியவர் அந்தச் சந்திலேயே அவர் ஒருவர்தான்.

அந்த வருஷம் வகுப்பில் காந்தப் பாடம் நடந்தது. கூடப் படித்த ஒருவனிடம் உடைந்த டெலிபோனிலிருந்து கழற்றிய லாடக் காந்தம் ஒன்று இருந்தது. பதினோரு கோலியும் ஒரு பம்பரமும் கொடுத்து அதை வாங்கிவிட்டேன். பிறகு வீட்டில் எதையும் நான் சும்மா விடவில்லை. இரும்புக் கரண்டி ஓடி வந்து ஒட்டும். பித்தளைச் செம்பு அசையாது. அத்தையின் பொன் வளையலும் அசையாது, அத்தைதான் அலறுவாள். கடற்கரை மணலில் இழுத்தால் காந்தத்தின் இரண்டு முனையிலும் கறுப்பு மணல் மீசை போல் முளைத்துவிடும். சித்தப்பா அதை அப்படியே தன் மேலுதட்டருகே பிடித்து, "யார்ரா அங்க? இன்ஸ்பெக்டர் வந்துகினு கீறாரு, சலாம் வை!" என்று அதட்டுவார்.

ஊசி வித்தை மட்டும் என் ரகசியம். காந்தத்தின் ஒரே முனையால் ஊசியை ஒரே திசையில் நாற்பது ஐம்பது தடவை தேய்க்க வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் பலிக்காது. பிறகு மருந்துப் புட்டித் தக்கையில் மெல்லிய சீவல் ஒன்று அறுத்து, அதன்மேல் ஊசியைப் படுக்கவைத்துத் தண்ணீரில் விட வேண்டும். முதல் தடவை இரும்பு வாளியில் விட்டேன். ஊசி நேரே வாளியின் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. பித்தளைத் தாம்பாளத்துக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. எப்படித் திருப்பி வைத்தாலும் மெதுவாகச் சுழன்று வடக்கே பார்த்து நின்றுவிடும். எங்கள் வீட்டு வாசல் வடக்குப் பார்த்தது. வாசலுக்கு நேரே கோயில் கோபுரம்.

இந்த நிலையில்தான் அத்தையின் சிலுவை காணாமல் போனது. மாமா கடைசியாக வாங்கிக் கொடுத்த பொன் சிலுவை, சுண்டுவிரல் நகத்தளவு. அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. எங்கள் வீடுகளில் தொலைந்த பொருளுக்கு அந்தோனியார்தான் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை அவர் படத்துக்கு முன் ஜெபம் என்று ஏற்பாடாயிற்று. அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

"அத்தை, மந்திரிச்ச தண்ணியில ஊசி மிதக்கவிட்டா, தொலைஞ்சது எந்தப் பக்கம் இருக்குதுன்னு அந்தோனியார் காட்டுவாராம்" என்றேன்.

"யார்ரா சொன்னா?"

"பள்ளிக்கூடத்துல."

பாதி உண்மைதானே. ஊசி கோயில் பக்கம் காட்டும்; அத்தை கோயிலுக்கு ஓடுவாள்; பூசையில் விழுந்திருந்தால் கிடைத்தாலும் கிடைக்கும்; எப்படியும் எனக்குப் பெயர் வரும். இதுதான் என் கணக்கு. அந்தக் கணக்கில் சித்தப்பா இல்லை.

செவ்வாய் சாயங்காலம் எல்லாரும் முழங்காலில் இருந்தோம். ஜெபம் பாதியில் இருக்கும்போது சித்தப்பா வந்தார். குறுக்கே நடக்கக் கூடாதென்று, செருப்பைக் கையில் பிடித்தபடி வாசற்படியிலேயே மண்டியிட்டுவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு, கூடத்தில் வைத்திருந்த தாம்பாளத் தண்ணீரில் ஊசியை விட்டேன். திறந்தபோது அது ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு தரம் ஆடி, சித்தப்பாவின் மூக்குக்கு நேராக நின்றது.

"அந்தோனியாரே!" என்றாள் அத்தை.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாடா ராஜா, ஊசி என்னியே மொறைச்சிகினு கீது?"

யாரும் சிரிக்கவில்லை. அப்பா மெதுவாக எழுந்தார். "எங்கடா வெச்சிருக்கே?"

"இன்னா அண்ணே, நெஜமாத்தான் கேக்கறீங்களா?"

"சைக்கிள் போனப்பவும் நீ இப்படித்தான் சிரிச்சே."

சித்தப்பா என்னைப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று ஒரு பரலோக மந்திரம் சொன்னேன்.

மறுநாள் காலை அவர் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சைதாப்பேட்டைக்குப் போய்விட்டார். அங்கே கோர்ட்டு வாசலில் மனு எழுதும் சிநேகிதர் ஒருவர் இருந்தார். "பொருளோட வந்தா வாசல் தெறந்திருக்கும்" என்று அப்பா சொன்னார். சித்தப்பா போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

எனக்கு என்னவோ ராஜமரியாதை. அத்தை எனக்கென்று தனியாகத் தேங்காய்ப் பர்பி செய்தாள். அதை என்னால் விழுங்க முடியவில்லை என்று எழுத ஆசைதான். நாலு துண்டு தின்றேன். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அம்மாள் வந்தாள்.

"தம்பி, நம்ம செவலக் கோழிய ரெண்டு நாளா காணோம். அந்த ஊசிய கொஞ்சம் போட்டுப் பாரேன், நைனா. எவன் தின்னான்னு தெரிஞ்சுக்கினா போதும், மீதிய நான் பாத்துக்கறேன்."

அந்த அம்மாள் வீட்டுக்கு வடக்கே குடியிருந்தது ஒரு மீன்காரக் குடும்பம். ஊசி யாரைக் காட்டும், அப்புறம் என்ன நடக்கும் என்று எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அன்று சாயங்காலம் தாம்பாளத்தை நடுக்கூடத்தில் வைத்து எல்லாரையும் கூப்பிட்டேன்.

"அப்பா, நீங்க வாசல்ல நில்லுங்க."

நின்றார். ஊசி அவரைக் காட்டியது.

"ஐயோ தம்பி, நீயுமா?" என்றாள் அத்தை அப்பாவிடம்.

"இல்ல அத்தை, இப்ப நீங்க நில்லுங்க."

அத்தை நின்றாள். ஊசி அத்தையைக் காட்டியது. "என் சிலுவைய நானே திருடுவேனா? அந்தோனியார் பொய் சொல்ல மாட்டாருடா!"

"அது அந்தோனியார் இல்ல அத்தை. அது வடக்கு."

முதலில் புரிந்துகொண்டது அம்மா. அடுக்களைக்குப் போய் மண்குடத்தைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள். ஊசி குடத்தைக் காட்டியது. "குடமும் கூட்டாளிதான் போலிருக்கு" என்றாள்.

நான் லாடக் காந்தத்தை எடுத்து வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தேய்த்தது, தக்கை, கோயில், பெயர் வாங்க நினைத்தது, கடைசியில் பேசாமல் இருந்தது எல்லாம். அடி விழும் என்று முதுகை வளைத்துக்கொண்டு நின்றேன். விழவில்லை. அப்பா குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போர்ச்சுகீசியர் திசைகாட்டும் ஊசியைத் துணையாகக் கொண்டு கடல் கடந்து வந்த கதையை வருஷா வருஷம் வகுப்பில் நடத்துகிறவர் அவர்.

"சட்டை போட்டுக்கோ. காலையில முதல் பஸ்ஸுல நாம சைதாப்பேட்டை போறோம்" என்றார், சட்டை போட்டிருந்த என்னிடம்.

அந்த நாட்களில் பஸ்கள் கரி வாயுவில் ஓடின. ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். முகத்தில் கரி அப்பியபடியே போய்ச் சேர்ந்தோம். சித்தப்பா சிநேகிதரின் அறையில் யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

நான் ஒப்பித்தேன். வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்தது. "ஊசி வடக்கத்தான் காட்டும் சித்தப்பா. நீங்க வடக்கால நின்னீங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

அவர் என்னை விட்டு அப்பாவைப் பார்த்தார். "சிலுவை கெடைச்சிடுச்சா?"

எனக்கு அப்பாவின் மேல் கோபம் வந்தது. கிடைத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சித்தப்பா சந்தோஷமாகக் கிளம்பிவிடுவாரே!

"இல்ல, கெடைக்கல" என்றார் அப்பா.

"அப்பறம் இன்னாத்துக்கு அண்ணே வந்தீங்க?"

"கெடைச்சப்பறம் வந்தா, சிலுவைக்காக வந்த மாதிரி ஆயிடும்டா."

சித்தப்பா கொஞ்ச நேரம் மைக்கூட்டை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். பிறகு, "மூஞ்சியக் கழுவுங்க அண்ணே, கரியா கீது" என்று தண்ணீர் மொண்டு கொடுத்தார். தகரப் பெட்டியை நான்தான் தூக்குவேன் என்று அடம்பிடித்தேன். பத்தடிகூடத் தூக்க முடியவில்லை.

சிலுவை இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது. பஞ்சு கொட்டுகிறவர் அத்தையின் தலையணையைப் பிரித்தபோது உள்ளிருந்து உருண்டு விழுந்தது. உறைத் தையல் விட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அத்தை அந்தோனியாருக்கு மெழுகுத்திரி ஏற்றினாள். சித்தப்பாவுக்குக் கறிக்குழம்பு வைத்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

அதன் பிறகு வீட்டில் எது காணாமல் போனாலும், சாவியோ, அப்பாவின் மூக்குக் கண்ணாடியோ, சித்தப்பா ஒரு வேடிக்கை செய்வார். யாரும் கேட்கும் முன்பே எழுந்து, கூடத்தின் நடுவில் வந்து நின்று, சட்டைப் பைகள் இரண்டையும் முயல் காது போல வெளியே இழுத்துவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். கல்யாணமாகிக் குழந்தைகள் பிறந்த பிறகும் செய்தார். வீடே சிரிக்கும். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான். இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கை தட்டுவேன். அவரும் செய்வார்.