தொட்டால் பலம் வருமாம்!

போன செவ்வாய்க்கிழமை விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட் அம்மா திருத்தங்கல் வரைக்கும் என் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஏத்தா, கட்டைவிரலு வெட்டி வெட்டி இழுக்குதே... டாக்டர்ட்ட காட்டுனீகளா?"

குனிந்து பார்த்தேன். அட, ஆமாம்! மடியில் இருந்த பையின் மேல் என் கட்டைவிரல் தன்பாட்டுக்குக் குதித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லைங்க. தவளையைத் தாண்ட வைக்கிறேன்" என்றேன்.

அந்த அம்மா எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டார். குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

தவளை என்றால் வீடியோ கேம். உள்ளங்கைக்குள் அடங்குகிற கருவி, அதில் ஒரு குட்டித் தவளை. இடமிருந்து வலமாக ஓடும். பள்ளம் வந்தால் தாண்ட வேண்டும், வண்டு வந்தால் தலையில் மிதிக்க வேண்டும். ஐம்பத்துநாலு வயசில் உனக்கு எதற்கு இந்தக் கூத்து என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

என் தங்கை முத்துமாரிக்குச் சிவகாசி தாண்டித் தாயில்பட்டி. அங்கே ஒரு பட்டாசு கம்பெனியில் இருபது வருஷமாக மருந்து செலுத்துகிறாள், அதாவது பட்டாசுக்குள் வெடிமருந்து நிரப்புகிற வேலை. இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கத்து ரூமில் தீப்பிடித்தது. இரண்டு பேருக்குத் தீக்காயம். மாரி கதவைத் தாண்டி ஓடியவள் வெளியே கல் தடுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. அதோடு போயிற்றே என்று நாங்கள் இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டோம்.

கும்பிட்டு என்ன? அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு மாரி பத்திரமாக வீட்டில்தான் இருந்தாள். ஆனாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போனை எடுத்து செய்தியில் 'தாயில்பட்டி' என்று தேடுவேன். அடுப்பில் பால் பொங்கி வழியும்... நான் தேடிக்கொண்டிருப்பேன். கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் ஊருக்கு வந்தபோது இதைப் பார்த்தாள். "அம்மா, அந்தப் போனைக் கீழே வை. கை சும்மா இருக்காதுன்னா இதை விளையாடு" என்று இந்தக் கருவியை வாங்கி அனுப்பிவிட்டாள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்கு நெட் வேண்டாம், நடுவில் விளம்பரம் வராது. கற்றுக்கொள்வதற்கு என்று தனியாக ஒன்றுமில்லை. அம்புக்குறி அழுத்தினால் ஓடும், சிவப்புப் பட்டனை அழுத்தினால் குதிக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது எது தெரியுமா? தவளை செத்தால் அடுத்த நொடியே மறுபடி நிற்கும். 'ஏன் விழுந்தாய்' என்ற கேள்வியே கிடையாது! நம் வீட்டில் ஒரு டம்ளர் கீழே விழுந்தால் எத்தனை விசாரணை?

குறைகளும் இருக்கின்றன. குதிக்கிற பட்டனும் வேகமாக ஓடுகிற பட்டனும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. ஒன்றை அழுத்தப்போய் இன்னொன்று அழுந்தி, தவளை தலைகுப்புறப் பள்ளத்தில் விழும். வெளிச்சத்துக்கு வந்தால் திரை தெரியாது — எங்கள் ஊரில் வெயில் இல்லாத நேரம் எது? லெவல் முடிந்தால்தான் கணக்கு வைத்துக்கொள்ளும், பாதியில் நிறுத்தினால் முதலிலிருந்து. ஆகவே குக்கர் விசில் எத்தனை வந்ததென்று யாருக்கும் தெரியாது. ஊருக்குக் கிளம்புகிற வரைக்கும் என் வீட்டில் பருப்பு குழைந்துதான் வந்தது.

மாரிக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. விரல் மடங்க மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் அமுக்கினாள். மூன்றாம் நாள் பந்து பரண் மேல் போய்விட்டது. அதனால்தான் செவ்வாய்க்கிழமை கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆபீஸில் ஒரு வாரம் லீவும் போட்டாயிற்று.

கருவியைக் கையில் கொடுத்ததும், "எக்கா, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாங்கினாள். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் முதல் லெவலை முடித்துவிட்டாள். மறுநாள் மத்தியானம் இரண்டாவது. எனக்கு எட்டு நாள் ஆன வேலை! என்ன விரல் அது... விறைத்துப்போய் இருக்கும்போதே இப்படி!

மூன்றாவது லெவலில் மாட்டிக்கொண்டாள்.

அங்கே ஒரு உருண்டை வரும். அதிலிருந்து பொறி பறந்துகொண்டே இருக்கும். தவளை அதைத் தொட்டால் பத்து நொடிக்குப் பலம் வரும், எதன் மேல் மோதினாலும் சாகாது. அந்தப் பலம் இல்லாமல் முள் பள்ளத்தைத் தாண்டவே முடியாது. விளையாட்டு தெரிந்த எவரும் அதைப் பார்த்ததும் பாய்ந்து போய்த் தொடுவார்கள். மாரி? உருண்டை வந்ததோ இல்லையோ, தவளை பின்பக்கமாக ஒரே தாவு! ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும்.

"மாரி, அது நல்லது. தொடு. தொட்டா பலம் வரும்."

"தெரியுதுக்கா. கை கேக்க மாட்டேங்குது."

"வெறும் படம்தானே?"

"பொறி பறக்குதுல்ல? பொறியக் கண்டா யோசிக்கக் கூடாது. கையில என்னத்த வச்சிருந்தாலும் போட்டுட்டு ஓடிரணும். வேலைக்குச் சேந்த அன்னைக்குச் சொல்லிக் குடுத்தது அதுதான்."

இந்த கேமைச் செய்தவர் எந்த ஊரோ தெரியவில்லை. எங்கள் பக்கம் வந்ததே இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

நான் விட்டேனா? எனக்குத்தான் எதையும் அரைகுறையாக விட முடியாதே. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "போ, போ, தொடு, இப்ப தொடு" என்று வெள்ளிக்கிழமை முழுக்க உயிரை எடுத்தேன். சாயங்காலம் மாரி கண்ணை இறுக மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள். தவளை உருண்டையைத் தொட்டுவிட்டது. மினுமினுவென்று மின்னி முள் பள்ளத்தைத் தாண்டியும் விட்டது. நான் கைதட்டினேன்!

தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறேன் நான்? அன்றைக்கு அவளைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்து போட்டது அந்தத் தாவல் அல்லவா? ஒரு தவளை பள்ளம் தாண்டுவதற்காக அதையா மறக்கடித்துக்கொண்டிருக்கிறேன்? கருவியைப் பிடுங்கி அணைத்தேன்.

மாரி கோபப்படவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா... போர்மேன் ஞாயித்துக்கிழமை வாராரு. தீபாவளி ஆர்டர் நெருக்குதாம். திங்கக்கிழமை வந்துருவேன்னு போன்ல சொல்லிட்டேன்."

"மருந்து ரூமுக்கா?"

"வேற எங்கன?"

"ஒனக்கு பயமில்லையா?"

"எனக்கென்ன பயம்?" என்றாள் வெடுக்கென்று. பிறகு குரல் இறங்கியது. "இத்தன நேரமும் கை பின்னால தாவுச்சுல்ல... அங்கன போயி கையில மருந்து இருக்கும்போது இப்படித் தாவுச்சுன்னா? ஒண்ணுமில்லாததுக்குத் தாவுச்சுன்னா? ரூமுக்குள்ள இன்னும் மூணு பேரு இருப்பாகளேக்கா."

தாவுகிற கை மருந்து ரூமுக்கு ஆகாது. தாவாத கை அதைவிடவும் ஆகாது. இரண்டையும் என் கண்ணால் பார்த்தாயிற்று. போகாதே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எங்கள் வீட்டில் படித்து விருதுநகர் ஆபீஸில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். நான் சொன்னால் அது ஃபேன் காற்றில் சொன்ன பேச்சு. சனிக்கிழமை முழுக்க வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். மாரியும் நடந்தாள். சின்ன வீடு, நாலு தடவை இடித்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு போர்மேன் வந்தார். நல்ல மனுஷர். தீப்பிடித்த அன்று மாரியைத் தூக்கி வண்டியில் ஏற்றியவரே அவர்தான்.

"வாங்கண்ணாச்சி. காப்பி சாப்பிடுறீகளா?"

"குடும்மா. கை எப்படி இருக்கு? நாளைக்கு வந்துருவேல்ல?"

மாரி காபியை அவர் கையில் கொடுத்தாள். அவர் இரண்டு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, எனக்குப் பயமா இருக்கு."

"என்னது?"

"பயமா இருக்குண்ணாச்சி. மருந்து ரூமுக்கு நான் வரல. பேக்கிங்ல போட்டீகன்னா நாளைக்கே வாரேன். இல்லன்னா வீட்ல இருக்கேன்."

போர்மேன் டம்ளரைத் தரையில் வைத்தார். "இத்தன வருசத்துல ஒருத்தரும் இப்படி எங்கிட்ட சொன்னதில்லயேம்மா. உடம்பு சரியில்லம்பாக, ஊருக்குப் போறம்பாக..."

"நான் நெசத்தச் சொல்லுதேன்."

எனக்கு ஒரே சமயத்தில் அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. ஐம்பத்துநாலு வருஷத்தில் அந்த வார்த்தையை இப்படி நேருக்கு நேராக நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களில் எத்தனை பேர் சொல்லியிருப்பீர்கள்?

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "பேக்கிங்ல ஒரு எடம் பாத்துத் தாரேன். எட்டு மணிக்கு வந்துரு" என்று எழுந்தார். செருப்பை மாட்டும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இவ எடத்துக்கு இனி எவளையாவது தேடணும்."

மாரி வாசல் வரைக்கும் போனாள்.

"தேடுங்கண்ணாச்சி. கூப்பிடும்போது, பயமா இருக்கான்னு அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க."

போர்மேன் வண்டியில் ஏறி கிக்கரை நாலு உதை உதைத்தார்... அது செல்ஃப் ஸ்டார்ட் வண்டி.