சகலைக்குப் பத்து ஸ்குரூ

போன வாரம் விழுப்புரத்தில் என் காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளியே வந்ததும் சகலை ஏழுமலை படத்தைப் பிடுங்கி வெயிலில் பிடித்தார். எனக்கு வயிறு எரிந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் திண்டிவனத்தில் டீ மாஸ்டர். நின்றால்தான் சோறு. சகலை என் மச்சினியின் புருஷன், விவசாயம். ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு ஒரே வண்டியில் திரும்பினோம். மாடு குறுக்கே வந்தது. இரண்டு பேருக்கும் முழங்காலுக்குக் கீழே எலும்பு போனது. ஒரே டாக்டர். இரண்டு பேர் காலிலும் இரும்பு பிளேட் வைத்து ஸ்குரூ போட்டார். கெடாரில் மாமியார் வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

பார்க்க வருகிறவர்கள் சும்மா போவார்களா? ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்ததும் எக்ஸ்ரேவை ஜன்னலில் பிடிப்பார்கள். ஸ்குரூ எண்ணுவார்கள்... சீர்வரிசை எண்ணுவது போல.

"பெரிய மாப்பிளைக்கு ஆறு. சின்னவருக்குப் பத்து!"

"அப்ப சின்னவருக்குத்தான் அடி ஜாஸ்தி. ஆட்டுக்கால் சூப்ப அங்க குடு."

சூப் அந்தப் பக்கம் போகும்.

காலை ஊன்றாதே என்றார் டாக்டர். நான் ஊன்றவில்லை. வாக்கரை விடவில்லை. சகலை? வைக்கோல் போரில் ஏறினார். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டை மூட்டையாகத் தூக்கினார். கேட்டால், "உள்ள இரும்பு கீது சகலை, இன்னா ஆவும்?" என்பார்.

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் என் எரிச்சல்.

அடுத்தவர் வீட்டைப் பார்த்து எரிகிறவர்கள் உண்டு, வண்டியைப் பார்த்து எரிகிறவர்கள் உண்டு. எலும்பைப் பார்த்து எரிந்தவர் உங்களில் யாராவது உண்டா?

சில மாதம் கழித்து ஒருநாள் வாசலில் மொபெட் சத்தம். அவரா ஓட்டுகிறார்? வாக்கரைப் பிடித்து எழுந்தேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அவர்தான்.

டக்.

"இன்னா அது, கட்டில் கால் ஒடஞ்சிச்சா?" என்றார் மாமியார். கட்டில் கால் இல்லை.

டாக்டர் படத்தைக் காட்டினார். பிளேட் நடுவில் இரண்டாகிக் கிடந்தது. ஒரு ஸ்குரூ பாதி வெளியே வந்திருந்தது.

"எட்டிப் பாத்ததாலயா சார்?"

"இல்லப்பா. எலும்பு ஒட்டவே இல்ல. ஒட்டுற வரைக்கும்தான் பிளேட் தாங்கும். கம்பிய ஒரே எடத்துல வளைச்சுக்கிட்டே இருந்தா விட்டுடும்ல? அவருக்கு எலும்பு முந்திக்கிச்சு. உனக்கு ஒடையறது முந்திக்கிச்சு."

எலும்பில்கூட அவர்தான் முந்தினாரா...

மறுபடி ஆபரேஷன். இடுப்பெலும்பில் கொஞ்சம் சுரண்டி ஒடிந்த இடத்தில் வைத்து, நீளமாக வேறு பிளேட். கடை முதலாளி சொல்லி அனுப்பினார்: "இந்தத் தபா எலும்பு சேரலன்னா வேற மாஸ்டர வச்சிக்கிறேன்பா." அதற்குத்தான் போன வாரப் படம்.

சகலை எண்ணினார். மறுபடி எண்ணினார். முகம் சுருங்கியது.

"இன்னா சகலை, உங்களுக்குப் பன்னெண்டா?"

"ஸ்குரூவ வுடுங்க. ஒடஞ்ச எடத்துல பாருங்க... வெள்ளையா, புகை மாதிரி."

டாக்டர் காட்டித் தந்தது அது. எலும்பு பிடிக்கிறதாம். தை பிறந்தால் கடையில் நிற்கலாமாம்.

சகலை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஒண்ணியும் தெரியலியே..."

தானாக ஒட்டியவருக்கு எங்கே தெரியும்? பத்து ஸ்குரூ போட்ட அந்தக் காலாலேயே மொபெட்டை உதைத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன் — அந்தக் காலைப் பார்த்தபடி.