கூண்டில் ஏறிய மாப்பிள்ளை

பினாங்கில் டத்தோ கிராமாட் பக்கம் பெண்ணுக்குப் பரிசத் தேதி குறித்தார்களென்றால், மண்டபத்துக்குச் சொல்வதற்கு முன்பே மோகனராஜுக்குச் சொல்லிவிடுவார்கள். ஜுருவில் பழைய கார் விற்கிறவர். வாரமெல்லாம் காருக்காகப் பேசுகிற வாய், ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் வீட்டுக்காகப் பேசும். மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வந்து எதிரே உட்கார்ந்ததும், சபை நடுவே எழுந்து, என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்பதுதான் பொறுப்பு. மற்றவர்கள் கேட்பார்கள், பதில் வாங்குவார்கள், தட்டை மாற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மோகனராஜ் அதை ஒரு வழக்காகவே நடத்துவார். பெண்ணின் மனம் திருட்டுப் போய்விட்டது என்பார். மாப்பிள்ளையை எழுப்பிக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவார். கூட வந்த நண்பனைச் சாட்சிக்கு அழைத்துத் திணறடிப்பார். கடைசியில் ஆயுள் தண்டனை. பலமுறை கேட்டவர்கள்கூடத் தண்டனை அறிவிக்கும்வரை சாப்பாட்டுப் பக்கம் போகமாட்டார்கள்.

சொந்தத் தங்கை மகள் தனுஜாவுக்குப் பரிசம் என்றபோதுதான் சிக்கல் வந்தது. மாப்பிள்ளை யுகேந்திரன் போலீஸ்காரன். அப்பா திருநாவுக்கரசு ஓய்வு பெற்ற சார்ஜன். பரிசம் ஞாயிறு, மறுநாள் திங்கள், அந்தத் தீர்ப்பு.

விசாரணைக்கென்று அழைத்துப் போகப்பட்ட ஓர் இளைஞன் பிணமாக வீடு திரும்பி, இரண்டு போலீஸ்காரர்கள் மேல் கொலைக் குற்றம் சுமத்தப்பட்ட வழக்கு. தீர்ப்பு நெருங்க நெருங்கப் பினாங்கில் நீதிபதிகள் பெருகிவிட்டார்கள். கோப்பிக் கடையில் ஒரு மேசை தண்டனை என்றது, அடுத்த மேசை விடுதலை என்றது. ரொட்டி வீசும் அப்துல் ரசாக் இரண்டு பக்கமும் தலையாட்டினார். இரண்டு மேசையும் அவருக்கு வாடிக்கை. மோகனராஜ் தண்டனை மேசை. கார் பார்க்க வந்தவரிடம்கூட வழக்கைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார். அவர் விடுதலை மேசையாக இருந்ததில் ஒரு விற்பனை போயிற்று.

அதனால் தங்கை வடிவம்மாள் முதலில் வேறு ஆளை வைத்துப் பேசலாமா என்று யோசித்தாள். ஆனால் தாய்மாமன் இருக்க வேறொருவர் எழுந்தால் சொந்தபந்தம் காரணம் கேட்கும். கடைசியில் அவரையே உட்கார வைத்துச் சொன்னாள்.

"அண்ணே, கோர்ட்டு, கேஸு, ஒண்ணும் வரக்கூடாது. அவங்க போலீஸு, மாத்தா குடும்பம்லா. தட்டோட திரும்பிப் போயிட்டா என் புள்ள கதி என்ன?"

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

"சின்னப் புள்ளையா இருந்தா பால் புட்டிய வாயில வச்சிருவேனே."

ஞாயிறன்று பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். இரு தரப்பும் அந்த வழக்கைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசின. மோகனராஜ் எழுந்தார். வரவேற்பு ஒழுங்காக வந்தது. என்ன விஷயமாக வந்தீர்கள் என்பதும் ஒழுங்காக வந்தது. பிறகு மாப்பிள்ளையை எழுந்து நிற்கச் சொன்னார். யுகேந்திரன் பயிற்சியில் பழகியபடி, கைகளைப் பின்னால் கட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அந்த நிற்பைப் பார்த்ததும் பழக்கம் முந்திக்கொண்டது.

"குற்றவாளிக் கூண்டில் நிற்கும் யுகேந்திரன்..."

வடிவம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். சார்ஜன் தன் முன்னால் இருந்த பரிசத் தட்டின் மேல் கையை வைத்தார். வெறுமனே வைத்தாரா, இழுத்துக்கொள்ளப் போகிறாரா என்று சொல்ல முடியவில்லை. மோகனராஜுக்கு அடுத்த வரி தெரியும். அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

அறை வாசலில் பட்டுச்சேலையோடு நின்ற தனுஜாதான் பேசினாள். "மாமா, பாதியில நிறுத்தாதீங்க. கேஸு போஸ்போன் ஆயிரும். எனக்கு இன்னைக்கே தீர்ப்பு வேணும்."

முதலில் இளசுகள் சிரித்தன. யுகேந்திரன் உடனே குற்றத்தை ஒப்புக்கொண்டான், வக்கீலும் வேண்டாமென்றான். மோகனராஜ் சாட்சியை விட்டுவிட்டு அவசரமாக ஆயுள் தண்டனைக்குத் தாவினார். மண்டபமே சிரித்தது. சார்ஜன் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் கையை எடுத்துவிட்டார். தட்டு மாறியது.

சாப்பாட்டில் அவர் தேடி வந்து மோகனராஜ் பக்கத்தில் உட்கார்ந்தார். ரசம் வந்ததும் கேட்டார்.

"தம்பி, நாளைக்கு என்ன வரணும்ங்கிறீங்க?"

எதிர் வரிசையில் சாம்பார் வாளியோடு நின்ற வடிவம்மாள் அண்ணனின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத ஜட்ஜு சொல்லுவாருண்ணே."

"ஜட்ஜக் கேக்கல. உங்களக் கேக்குறேன்."

அடிபட்ட காரை அடிபடாத கார் என்று சொல்லிப் பழகிய வாய்தான். இதற்குப் பொய் வரவில்லை. "உசுரோட கூட்டிட்டுப் போன புள்ளண்ணே. எப்படிச் செத்தான்னு யாராச்சும் பதில் சொல்லணும்லா. யூனிபார்ம் போட்டிருந்தாலும் சரி."

சார்ஜன் இலையில் இருந்த ரசத்தை வழித்துக் குடித்து முடித்தார். "இதத்தான் நானும் வீட்டுல சொன்னேன். அன்னையிலேர்ந்து என் பொண்டாட்டி என்கூடப் பேசுறதில்ல. மகன் வேலைக்கு வேட்டு வைக்கிறேனாம்."

மோகனராஜ் பெண்கள் வரிசையை எட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் தனுஜாவுக்கு ஜிலேபி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி வீட்டுலயும் இப்படித்தான் நினைக்கிறாங்கன்னு சொல்லிப் பார்க்கவா? நீங்க சொன்னதா?" என்றார் சார்ஜன்.

"தாராளமா சொல்லுங்கண்ணே," என்றார் மோகனராஜ். "பாலம் தாண்டினப்புறம் சொல்லுங்க."

சார்ஜன் அப்போதுதான் சிரித்தார். வடிவம்மாளுக்கு எதுவும் காதில் விழவில்லை. சம்பந்தி சிரிக்கிறார் என்பது மட்டும் தெரிந்ததால், வாளியை வைத்துவிட்டுப் பாயசம் எடுக்கப் போனாள்.