சுலோ அத்தை குறி வைத்த ஞாயிற்றுக்கிழமைகள்

சுட்டு முடித்த ரைபிளின் போல்ட்டைப் பின்னால் இழுத்ததும் பித்தளைக் கூடு ஒன்று துள்ளி வந்து மண்ணில் விழும். ஓடிப்போய் அதைப் பொறுக்கி உள்ளங்கையில் பொத்திக்கொண்டால், கோழியின் அடியிலிருந்து அப்போதுதான் எடுத்த முட்டையைப் போல ஒரு சூடு இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் தீக்குச்சி உரசிய வாசனையும் மழைக்கு முந்தைய மண்வாசனையும் சேர்ந்த மாதிரி ஒன்று வரும். அந்த வாசனைக்காகவே வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்த சிறுமி நான்.

எங்கள் தோட்டம் ஆனைமலை ஊருக்குத் தெற்கே, மலை எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருந்தது. தாத்தா இருந்த காலத்தில் வேட்டைக்குப் போக வாங்கிய ரைபிள் அது. நான் பிறப்பதற்கு வெகுநாள் முன்பே வேட்டை சட்டப்படி நின்றுபோய், தாத்தாவும் போய்ச் சேர்ந்து, காட்டுப்பன்றிகளிடமிருந்து வெள்ளாமையைக் காப்பாற்றுவதற்கென்று அப்பா பேருக்கு லைசன்ஸ் மாறியிருந்தது. அப்பா ஒரு பன்றியைக் கூடச் சுட்டதில்லை. தோட்டத்தில் பன்றி இறங்கிய சத்தம் கேட்டால் வெளியே போய் மேட்டைப் பார்த்து ஒரு வெடி போட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வார். இந்த மனிதர் இவ்வளவுதான் என்று பன்றிகளுக்கும் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் வேறு. சிங்காநல்லூரில் மோட்டார் பம்புப் பட்டறை வைத்திருந்த பெரியப்பா, பெரியம்மாவை அம்பாசடரில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே வந்துவிடுவார். மத்தியானம் கறிச்சோறு. வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் மோட்டார் ரூம் பக்கம் நடப்போம். முன்னொரு காலத்தில் கிணறு வெட்டியபோது அள்ளிப் போட்ட மண் அங்கே இரண்டு ஆள் உயரத்துக்கு மேடாகக் கிடந்தது. அதன் அடியில் பலகையைக் கிடத்தி, அதன் மேல் கொட்டாங்குச்சிகளை வரிசையாகக் கவிழ்த்து வைப்பது என் வேலை. மேட்டுக்குப் பின்னால் மாடு மேய்கிறதா, ஆள் நிற்கிறதா என்று அப்பா தானே சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் ரைபிள் உறையிலிருந்து வெளியே வரும். "குழல் வாய் எப்பவும் மண்ணத்தான் பாக்கோணும். வெளையாட்டுக்குக்கூட மனுசனப் பாக்கப்படாது" என்பார் ஒவ்வொரு வாரமும், முதல் முறையாகச் சொல்வது போலவே.

தோட்டா கிடைப்பது அருமை என்பதால் ஆளுக்கு இரண்டுதான். பெரியப்பா மீசையை நீவிக்கொண்டு முதலில் சுட்டு, தவறவிட்டு, காற்றின் மேல் பழி போடுவார். பெரியம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் போய் நின்றுகொள்வார். அம்மா "ஒரே ஒருக்கா" என்று சொல்லி வாங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டு, மேட்டில் புழுதி கிளம்பியதற்கே சின்னப் பெண்ணைப் போலச் சிரிப்பார். கடைசியில் ரைபிள் அப்பாவின் தங்கை சுலோச்சனாவின் கைக்கு வரும். அவள்தான் எங்கள் சுலோ அத்தை.

குடும்பத்திலேயே குறி தவறாத கை அவளுடையது. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மணல் மூட்டை மேல் குழலைச் சாய்த்து, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையோடு ஒட்டிக்கொண்டாள் என்றால் ஏதோ ஒரு கொட்டாங்குச்சி சில்லுச்சில்லாகப் போகிறது என்று அர்த்தம். எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். எனக்குப் பின்னால் ஒட்டி நின்று, என் தோளுக்குத் தன் தோளை முட்டுக் கொடுத்து, காதோரமாகச் சொல்வாள்: "மூச்ச விட்டுப்போடு கண்ணு. அடுத்த மூச்சு எடுக்கறதுக்கு முன்னால ஒரு சொணம் எல்லாம் நிக்கும் பாரு, அப்ப அமுத்து." ரைபிளின் இடி என் தோள் வழியாக அவள் தோளுக்குப் போகும். இரண்டு பேரும் ஒன்றாகப் பின்னால் சாய்ந்து, ஒன்றாகச் சிரிப்போம்.

அத்தையைப் போத்தனூரில் கட்டிக் கொடுத்தார்கள். மாமாவுக்கு ரயில்வேயில் வேலை. அதிகம் பேசாத, நல்ல மனிதர். விடுமுறை கிடைக்கிற ஞாயிறுகளில் இருவரும் வருவார்கள். ஒரு பையன் பிறந்தான். கார்த்தி என்று பெயர் வைத்தார்கள். வெடிச்சத்தம் கேட்டுக் குழந்தை பயந்துவிடக் கூடாதென்று மாமா அவனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தின் அந்தக் கோடிக்குப் போய்விடுவார். சுட்டு முடித்ததும் அத்தை அந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டுவாள். மாமா குழந்தையின் கையைப் பிடித்துத் திருப்பி ஆட்டுவார்.

நடை பழகி முடிப்பதற்குள் கார்த்தி காய்ச்சலில் போய்விட்டான். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்திருந்தார்கள். மூளையைத் தாக்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது.

சில வாரங்கள் கழித்து மாமா அத்தையைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தார். வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "ஊட்ல இருந்தா சொவத்தப் பாத்துட்டே உக்காந்திருக்குதுங்க மச்சான். எனக்கு என்ன பண்றதுன்னே தெரீலீங்க. கொஞ்ச நாள் இங்க இருக்கட்டுங்க" என்றார். சொல்லும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தோட்டத்திலும் அத்தை சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு போட்டுக் கொடுத்தால் தட்டில் கை வைத்தபடி அப்படியே இருப்பாள். அம்மா மாசாணியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். போகச் சொன்னால் போனாள், கும்பிடச் சொன்னால் கும்பிட்டாள். பெரியப்பா கோயமுத்தூரில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினார். அந்த மாத்திரையைப் போட்டால் அத்தை தூங்கினாள். எழுந்ததும் மறுபடி சுவர். நான் பள்ளிக்கூடத்துக் கதைகளையெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். அவள் என் தலையைத் தடவுவாள். கை மட்டும்தான் என்னிடம் இருக்கும். குடும்பத்தில் இத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதை அந்த வயதில் நான் முதல்முதலாகப் பார்த்தேன். அது எனக்கு அத்தையின் மௌனத்தை விடவும் பயமாக இருந்தது.

துக்கத்துக்காக நிறுத்தி வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமைக் குறி சுடுதல், மாதங்கள் கழித்து ஒருநாள் பெரியப்பாவின் வற்புறுத்தலால் மறுபடி தொடங்கியது. நாங்கள் மோட்டார் ரூமை அடைந்து, நான் கொட்டாங்குச்சிகளை அடுக்கிவிட்டுத் திரும்பியபோது, வாய்க்கால் வரப்பின் மேல் அத்தை தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள். அவள் நேராக அப்பாவிடம் வந்து கையை நீட்டினாள். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு ரைபிளைக் கொடுத்தார். தலைப்பை இடுப்பில் செருகினாள். கன்னம் கட்டையோடு ஒட்டியது. வெடித்தது. நடுக் கொட்டாங்குச்சி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

அத்தை நிமிர்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டாள். "நல்லா இடிச்சுதுங்கண்ணா" என்றாள். "இடிச்சாத்தான் நாம இருக்கறதே தெரியுது."

தோட்டத்துக்கு வந்த பிறகு அவள் முழுதாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் அழுதார். அன்று ராத்திரி அத்தை இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதன் பிறகு வந்த ஞாயிறுகள்தான் எங்கள் வீட்டின் நல்ல காலம். அப்பா தன் பங்குத் தோட்டாக்களை அத்தைக்கே கொடுத்துவிடுவார்; பெரியப்பாவும் தோள் வலி என்று பொய் சொல்லித் தன்னுடையதைக் கொடுப்பார். அத்தை கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். என் தலைக்குப் பூ வைத்தாள். விடுமுறையில் வந்த மாமாவோடு தென்னந்தோப்புக்குள் நடந்து போனாள். அவர்கள் திரும்பி வரும்போது மாமாவின் முகத்தில் இருந்த நன்றியை, யாரிடம் சொல்வதென்று தெரியாத அந்த நன்றியை, நான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா எதற்கோ உள்ளறைக்குப் போனவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அம்மாவின் கைக்குக் கீழாக எட்டிப் பார்த்தேன். அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ரைபிள் மடியில் கிடந்தது. பக்கத்தில் எண்ணெய் டப்பாவும் பழைய வேட்டித் துணியும் இருந்தன. தோட்டாப் பெட்டியும் இருந்தது, மூடி திறந்தபடி. பீரோவில் பூட்டி வைக்கிற ரைபிள் அது. சாவி எங்கே மாட்டியிருக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அத்தை தலையைத் தூக்கி, "என்னுங்க நங்கையா?" என்றாள். அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஒண்ணுமில்லீங்கம்மணி" என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பி வந்தார். அடுப்படியில் நின்று தண்ணீர் குடித்தார்.

அன்று அப்பா தோப்பிலிருந்து வந்ததும் அம்மா அவரைக் கட்டுத்தரைக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். மறுநாள் காலையில் பெரியப்பா வந்துவிட்டார். மூன்று பேரும் மாடுகளுக்கு நடுவே நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"எண்ண டப்பா இருந்துச்சுங்கப்பா. தொடச்சிட்டுத்தான் இருந்தாங்க" என்றேன்.

"தோட்டாவும் இருந்துச்சல்லோ" என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல்.

இரண்டும் இருந்தன. அம்மா சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. அப்பா மாட்டின் முதுகைத் தடவிக்கொடுத்தார். "அதைய எடுத்தா புள்ளை மறுக்காவும் பழையபடி ஆயிரும். எடுக்காம உட்டா..." என்று இழுத்தார். பெரியப்பாதான், "உசுரு இருந்தாத்தான் மத்ததெல்லாம். ஸ்டேசன்ல ஒப்படைச்சுப் போடலாம்" என்றார். தேர்தல் வந்தால் லைசன்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேசனில் கொடுத்து வைக்கச் சொல்வது வழக்கம். அதையே காரணமாகச் சொல்லிவிடுவது என்று முடிவானது.

பெரியப்பா ரைபிளைப் போர்வையில் சுற்றிக் காருக்குக் கொண்டுபோனபோது அத்தை தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். "எலக்சனுக்குக் குடுக்கோணுமாம்" என்றார் அப்பா.

"எலக்சன் எப்பங்கண்ணா?" என்று கேட்டாள் அத்தை.

போர்வையின் நுனி காரின் கதவில் சிக்கிக்கொண்டது. பெரியப்பா திறந்து, உள்ளே தள்ளி, மறுபடி மூடினார்.

"சரிங்கண்ணா" என்றாள் அத்தை. கார் போகும் வரை நின்றுவிட்டு உள்ளே போனாள்.

மறு வாரம் பெரியப்பா எங்கிருந்தோ ஓர் ஏர்கன் வாங்கி வந்தார், பொருட்காட்சியில் பலூன் சுடுகிற மாதிரி. அத்தை மறுக்காமல் வாங்கிச் சுட்டாள். கொட்டாங்குச்சியில் 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது; அது இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் துப்பாக்கியைப் பெரியப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வரப்பின் மேல் வீட்டுக்கு நடந்தாள். யாரும் பின்னால் போகவில்லை. போய் என்ன சொல்வது? அன்றோடு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்தன.

பழையபடி சுவர் திரும்பி வந்தது, ஆனால் அத்தை உயிரோடு இருந்தாள். அடுத்த வருடம் போத்தனூருக்குத் திரும்பினாள். சமைத்தாள், விசேஷங்களுக்கு வந்தாள், என் கல்யாணத்தில் பந்தி விசாரித்தாள். வேறு குழந்தை பிறக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒருவரிடமும் அவள் முகம் சுளித்ததில்லை. ஒருவரிடமும் அவள் பழையபடி சிரித்ததும் இல்லை. அப்பா ரைபிளைத் திரும்ப வாங்கவே இல்லை. லைசன்ஸையும் பிறகு விட்டுவிட்டார். கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "அன்னைக்கு நாங்க பண்ணுனது சரிதானா கண்ணு?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் அப்போது பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள். நான் அவர் போர்வையை இழுத்துவிட்டேன்.

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் நானும் அத்தையும் தோட்டத்துக்குள் நடந்தோம். மோட்டார் ரூம் இடிந்து கிடந்தது. மண்மேட்டைச் செங்கல் சூளைக்காரர்கள் என்றோ அள்ளிப் போயிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு தென்னை நார் மில் ஓடிக்கொண்டிருந்தது. மில்லின் தூசு எங்கள் இருவரின் தலையிலும் படிந்தது. பெரியப்பா, பெரியம்மா, அம்மா, மாமா, யாருமே இப்போது இல்லை. அந்த நாளைப் பற்றிப் பேசுவதற்கு நாங்கள் இருவர்தான் மிச்சம்.

அத்தையே தொடங்கினாள். "உங்கப்பன் மேல எனக்கு ஒரு நாளும் கோவமில்ல. பயந்துட்டாங்க, பாவம். உங்கம்மாளக் கேட்டாங்க, உன்னையக் கேட்டாங்க. அந்தத் துப்பாக்கிய எதுக்கம்மணி எடுத்தேன்னு என்னைய மட்டும் ஒருத்தருங் கேக்கல."

முப்பது வருடங்களாக நானும் கேட்டதில்லை. மில்லின் இரைச்சலில் கொஞ்சம் உரக்கவே கேட்க வேண்டியிருந்தது.

"கேட்டிருந்தா என்னங்கத்தை சொல்லியிருப்பீங்க?"

அத்தை மேடு இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை. கணக்குக்கு விடை தேடுகிற குழந்தையின் முகம் போல இருந்தது.

"தெரீலீங் கண்ணு" என்றாள் கடைசியில். "யாராச்சும் கேட்டிருந்தா, நானும் யோசிச்சிருப்பேன்."