கவிதாவின் பச்சைத் திடல்

இன்று மதியம் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் பள்ளித்தோழி கவிதாவைப் பார்த்தேன். வாழையிலை போடுவதற்குள் கைப்பேசியை நீட்டிவிட்டாள்.

நகராண்மைக் கழகத்தின் வரைபடம். பூச்சோங்கில் அவள் குடியிருக்கும் தாமானின் விளையாட்டுத் திடல், பொதுவெளிக்கான நிறத்தில் பச்சைப்பசேல் என்று இருந்தது.

"அரசிதழ்ல போட்டு கெசட் பண்ணிட்டாங்க. இனிமே எங்களக் கேக்காம யாரும் இந்தக் கலர மாத்த முடியாது லா. சட்டம்!"

"எப்படிடி?"

"ஆட்சேபம் கேக்குற விசாரணை அன்னிக்கு தாமானே கெளம்பிப் போச்சு. மலாய்க்கார ஆன்டி, சீன அங்கிள், எல்லாரும். எங்க மாமியார் வீல்சேர்ல வந்து ஆபீசர்கிட்ட சண்டையே போட்டாங்க."

"சூப்பர்டி" என்றேன். வயிறு எரிந்தது, ரசத்தால் அல்ல.

கிள்ளானில் எங்கள் தாமானுக்கு அடுத்த மாதம் அதே விசாரணை. புதிய வரைவில் எங்கள் திடல், வீடு கட்டும் நிலத்துக்கான மஞ்சளாகிவிட்டது. அப்படியே கெசட் ஆனால் அங்கே கோண்டோ அடுக்குமாடி வரும்.

ரயிலில் வரும்போதே கவிதா அனுப்பிய வரைபடத்தை எங்கள் தாமான் வாட்சாப் குழுவில் போட்டு, விசாரணைக்கு, "நாமும் போவோமா?" என்று கேட்டேன்.

கட்டைவிரல் படங்கள் குவிந்தன; வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் எழுத்தில் பதில் போட்டார்: "பச்சை ரொம்ப அழகா இருக்கு சிஸ்டர்."

வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொருத்தியின் மாமியாரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். உங்கள் வீட்டு மாமியார் ஒரு நாளைக்கு இரவல் கிடைப்பாரா?